எட்டணாவும் எவர்சில்வரும்: புதுக்குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்குவதற்கு முன்

தங்கை மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். சீர்ப் பாத்திரங்கள் வாங்கித் தருவதாக நான் ஏற்றுக்கொண்டேன். தி.நகரில் ஒரு கடை, சௌகார்பேட்டையில் இரண்டு கடை என்று ஏறி இறங்கினோம். மூன்று கடையிலும் ஒரே காட்சிதான். விலையைக் கேட்டதும், விற்பனைக்கு நின்ற பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் குடத்தின் வயிற்றில் வைத்தான். அது நழுவி அவன் உள்ளங்கையிலேயே விழுந்தது. “பாருங்கள் அம்மா, ஒட்டவில்லை. சுத்தமான 304” என்றான். நிக்கல் கூடிய, விலை கூடிய எவர்சில்வர் ரகத்தின் எண் அது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பணம் கட்டப் போனார்கள்.

நான் பணம் கட்டவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நிக்கல் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் 19 வருடம் கணக்கு எழுதியவள் நான். காந்தம் என்ன சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் பொய் சொன்னான் என்று சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பாதியை எழுதத்தான் இந்தக் கட்டுரை. புதுக்குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்குபவர்கள் எல்லோரும் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், மாமியார் விட்டுப்போன பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பழைய சில்லறைக் காசுகள் போட்டு வைத்த டப்பா. அதிலிருந்து மூன்று ஐம்பது காசுகளைப் பொறுக்கி, கல்யாணப் பெண் முன்னால் வரிசையாக வைத்தேன். எங்கள் தலைமுறைக்கு மூன்றும் எட்டணாதான். ஒன்று 1960களில் அடித்தது. இன்னொன்று 1970களின் கடைசியில் வந்தது. மூன்றாவது 1990களின் சிறிய காசு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து அவளிடமே கொடுத்தேன். 1960களின் எட்டணா ஒட்டியது. 1970களின் எட்டணா அசையவே இல்லை. 1990களின் எட்டணா ‘டக்’கென்று போய் ஒட்டிக்கொண்டது.

“பெரியம்மா, அப்படியென்றால் நடுவில் இருப்பதுதான் நல்ல காசா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் காசு சுத்த நிக்கல். நிக்கலும் இரும்பைப் போலவே காந்தத்துக்கு இழுபடும் உலோகம். இரண்டாவது காசில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அவ்வளவு செம்போடு கலந்துவிட்டால் நிக்கலின் காந்தக் குணம் அடங்கிவிடுகிறது. மூன்றாவது, நிக்கலே சேர்க்காத எவர்சில்வர். இரும்பும் குரோமியமும் மட்டும். ஆக, ஒட்டிய இரண்டில் ஒன்று முழுக்க நிக்கல், மற்றொன்றில் நிக்கலே கிடையாது. காந்தத்தை நம்பி நிக்கலைத் தேடினால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

பாத்திரத்தில் இன்னும் ஒரு சுற்று அதிகம். இரும்பும் குரோமியமும் சேர்ந்த கலவை காந்தத்துக்கு ஒட்டும். அதில் 8 சதவீதம் அளவுக்கு நிக்கலைச் சேர்த்தால், உள்ளே அணுக்கள் அடுக்கி நிற்கும் முறையே மாறிப்போகிறது, காந்தம் ஒட்டுவதில்லை. தானே காந்தத்துக்கு இழுபடும் உலோகம், இரும்போடு சேர்ந்து அதன் காந்தக் குணத்தை எடுத்துவிடுகிறது. இதே வேலையை மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்ந்து, நிக்கலைவிட மிகக் குறைந்த செலவில் செய்துவிடும். கடைப் பையனின் காந்தம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. 304 பாத்திரத்திலும் ஒட்டாது, மாங்கனீசு கூட்டிய மலிவான 202 ரகப் பாத்திரத்திலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகட்டையே அழுத்தி மடித்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து நல்ல பாத்திரத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

நிக்கல் என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள், செம்பு என்று நினைத்துத் தோண்டிய செந்நிறத் தாதுவிலிருந்து செம்பு வராமல்போக, ஏதோ குட்டிச்சாத்தான் வேலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1751இல் சுவீடனைச் சேர்ந்த ஆக்ஸல் கிரோன்ஸ்டெட் அந்த வகைத் தாதுவிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தெடுத்தபோது, சாத்தானின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் நிக்கல் என்றால் ஐந்து சென்ட் காசைச் சொல்கிறார்கள். 1866இல் வந்த அந்தக் காசிலும் முக்கால் பங்கு செம்புதான். கால் பங்குக்காரன் பெயரை வாங்கிக்கொண்டான். இரண்டாம் உலகப் போரில் ஆயுதங்களுக்கு நிக்கல் தேவைப்பட்டதால், 1942 முதல் 1945 வரை அந்தக் காசில் நிக்கலே போடவில்லை. செம்பு, வெள்ளி, அதோடு 9 சதவீதம் மாங்கனீசு சேர்த்து அடித்தார்கள்.

இந்த மாங்கனீசைக் கவனியுங்கள். 1950களில், கொரியப் போர்க் காலத்தில் நிக்கலுக்கு மறுபடி தட்டுப்பாடு வந்தபோது, எவர்சில்வரிலும் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டினார்கள். 202 போன்ற ரகங்கள் அடங்கிய 200 வரிசை பரவியது அப்போதுதான். நிக்கல் கிடைக்காத காலத்தில் காசுக்கு வந்த மாற்றே பாத்திரத்துக்கும் வந்தது. உலகப் போர் முடிந்ததும் காசு பழைய கலவைக்குத் திரும்பிவிட்டது. பாத்திரத்தில் மட்டும் மாங்கனீசு தங்கிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் எடைக்கு விற்கும் பாத்திரங்களில் பெரும்பாலானவை இந்த வரிசைதான்.

நம் காசின் கதை வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1946இல் கால் ரூபாயும் அரை ரூபாயும் சுத்த நிக்கலில் வந்தன; 1947இல் புலி நடந்துவரும் ஒரு ரூபாயும் நிக்கலில் வந்தது. குடியரசான பிறகு 1950இல் வந்த முதல் ரூபாயும் நிக்கல்தான். பிறகு செம்பு கலந்த நிக்கல். 1988 முதல் சின்னக் காசுகளும், 1992 முதல் ஒரு ரூபாயும் நிக்கல் இல்லாத எவர்சில்வருக்கு மாறின. நாடு மெல்ல மெல்ல நிக்கலைச் சிக்கனம் பிடித்துக்கொண்டே வந்தது. அதில் தவறு ஒன்றுமில்லை. கை மாறிக்கொண்டே இருக்கும் காசுக்கு அவ்வளவு நிக்கல் தேவையில்லை. புளித்தண்ணீர் நிற்கும் பாத்திரத்துக்குத் தேவையா, இல்லையா என்பது வேறு கேள்வி.

(சௌகார்பேட்டையில் பாத்திரம் பார்த்துக்கொண்டு நடந்த தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே நாணயச் சாலையால்தான். கும்பெனிக் காலத்து அந்த நாணயச் சாலை 1869இல் மூடப்பட்டது. கட்டடம் பிறகு அரசு அச்சகமானது. இந்தியாவில் நிக்கல் கலந்த முதல் காசு, பூவிதழ் போல விளிம்பு வளைந்த ஓரணா, 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. தங்கசாலையில் நிக்கல் காசு ஒன்றுகூட அடித்திருக்க முடியாது.)

மூன்று எவர்சில்வர்கள்

இப்போது கடைக்குத் திரும்புவோம். வீட்டுப் பாத்திரமாக நம் முன்னால் வருவது மூன்று ரகம்.

முதலாவது 304. பழைய ஆட்கள் 18/8 என்பார்கள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம்தான் துருவைத் தடுக்கிறது; காற்று பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. நிக்கல் அந்தத் தோலுக்கு உரம் கொடுக்கிறது, புளிப்பைத் தாங்க வைக்கிறது, தகட்டைக் கிழியாமல் ஆழமாக இழுக்க விடுகிறது. கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த குடத்தை ஒரே தகட்டில் இழுத்துக் கொண்டுவருவது என்பது சாதாரண வேலை இல்லை.

இரண்டாவது 200 வரிசை. கடையில் 202 என்பார்கள். முறையான 202இல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம், மாங்கனீசு 7.5 முதல் 10 சதவீதம். ஆனால் 202 என்று வாயால் சொல்லி விற்பதெல்லாம் இந்த அளவில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும், மாங்கனீசும் செம்பும் கூட்டிய ஜே4 போன்ற ரகங்களும் இதே வரிசையில்தான் வருகின்றன. அவற்றில் குரோமியமும் குறைவு. கடை வெளிச்சத்தில் 304உம் இதுவும் ஒரே மாதிரி மினுக்கும். கையில் எடுத்தால் எடையும் ஒன்றுதான். தட்டினால் வரும் ஓசையை வைத்துச் சொல்வேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. ஓசை தகட்டின் கனத்தைத்தான் சொல்லும்.

மூன்றாவது 430. குரோமியம் 17 சதவீதம் அளவுக்கு, நிக்கல் சேர்ப்பதில்லை. காந்தம் பளிச்சென்று ஒட்டும். இதை மட்டமான சரக்கு என்று கடையிலேயே சொல்கிறார்கள். அது நியாயமில்லை. உங்கள் சில்லறைப் பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்துப் பாருங்கள். 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம்; ஏறக்குறைய இதே உலோகம்தான். எத்தனை பேர் வியர்வைக் கையில் புழங்கியிருக்கும்? உண்டியலில், மீன்காரம்மாவின் ஈரச் சுருக்குப் பையில், கோயில் குளத்தில் கிடந்திருக்கும். பெரும்பாலும் பளபளப்பு மங்குகிறதே தவிரத் துருப்பிடித்து உதிர்வதில்லை. நம் சேலம் உருக்காலையில் பாத்திரத் தகடும் செய்தார்கள், நாணயத்துக்கான வட்டத் தகடும் வெட்டினார்கள். 430இன் குறை வேறு: ஆழமாக இழுக்க வராது, தேங்கி நிற்கும் உப்புக்குத் தாங்குவதும் 304 அளவுக்கு இல்லை. தட்டு, மூடி, கரண்டி, தாம்பாளம் போன்றவற்றுக்கு இந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை.

என் கணிப்பில் இந்த மூன்றில் ஏமாற்றம் அதிகம் தருவது நடுவில் இருப்பது. 430 தன்னைக் காந்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 304 விலையில் தெரிகிறது. 200 வரிசைதான் ஒன்றைப் போலத் தோன்றி வேறொன்றாக இருக்கிறது.

உப்பு எங்கே நிற்கிறதோ

பெண் குடிபோகும் வீடு கொட்டிவாக்கத்தில். மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். துணி காயப் போட்டால் மாலையில் பிசுபிசுவென்று இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அடையாற்றில் இருக்கும் என் தம்பி வீட்டில் நடந்ததை அவளுக்குக் காட்டினேன்: கல் உப்பு போட்டு வைத்த எவர்சில்வர் சம்புடம். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளிப்புறம் கண்ணாடி போல இருந்தது. உள்ளே, அடியும் பக்கமும் சேரும் வளைவில், கடுகு அளவில் பழுப்புப் புள்ளிகள். விரல் நகத்தால் சுரண்டினால் புள்ளி போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஊசி குத்தியது போலக் குழி. சபீனா போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார்கள். பழுப்பு போனது, குழி போகவில்லை. அடுத்த மாதம் அதே குழியில் மறுபடியும் பழுப்பு.

உப்பில் இருக்கும் குளோரைடு செய்யும் வேலை இது. அந்த மெல்லிய குரோமியத் தோலை ஏதாவது ஓர் இடத்தில் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் அரிப்பு கீழ்நோக்கிப் போகும். குரோமியம் குறைந்த, மாங்கனீசு கூடிய ரகத்தில் இது சீக்கிரம் நடக்கும். 304உம் முழுக்கத் தப்பாது. ஆனால் நன்றாகத் தாங்கும். உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கரையாத உப்பு அடியில் உட்கார்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்கினால் எந்தப் பாத்திரமும் கூடுதல் காலம் உழைக்கும். கல் உப்புக்கோ, நான் ஒன்றும் யோசிக்காமல் பீங்கான் ஜாடிதான் சொல்வேன். நம் பாட்டிமார் ஊறுகாயையும் உப்பையும் ஜாடியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது.

இதிலிருந்து அவளுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான்: உப்பும் புளிப்பும் தண்ணீரும் மணிக்கணக்கில் தங்கும் பாத்திரத்தில் நிக்கலுக்குப் பணம் கொடு, வந்து போகும் பாத்திரத்துக்குக் கொடுக்காதே. குடிதண்ணீர்க் குடம், சாம்பார் வைக்கும் பாத்திரம், ரசப் பாத்திரம், மாவு புளிக்க வைக்கும் தூக்கு, தயிர் உறை குத்தும் கிண்ணம், ஊறவைத்த புளி இருக்கும் பாத்திரம் எல்லாம் 304. அரிசி, பருப்பு, ரவை போட்டு வைக்கும் பெரிய டப்பாக்கள் உலர்ந்த பொருளுக்குத்தானே. அவற்றை 200 வரிசையிலேயே வாங்கலாம். 304 வாங்கினால் அந்தப் பணம் டப்பாவுக்குள் சும்மா கிடக்கும். தட்டு, மூடி, கரண்டி, வடிதட்டு 430.

கைப்பிடியைப் பற்றவைத்த இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். பாத்திரம் 304 ஆக இருந்து, கைப்பிடி வேறு ரகமாக இருப்பது சாதாரணம். தண்ணீர் புகுந்து காயாமல் நிற்கும் இடுக்கும் அதுதான். முதல் துரு பெரும்பாலும் அங்கேதான் தலைகாட்டும்.

மின்காந்த அடுப்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். இண்டக்‌ஷன் அடுப்பில் தனி 304 பாத்திரம் சூடேறாது. அடிப்பகுதி காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும். அதனால்தான் மூன்றடுக்குப் பாத்திரங்களில் உணவு படும் உள்பக்கம் 304, நடுவில் சூட்டைப் பரப்ப அலுமினியம், வெளியே 430 என்று வைக்கிறார்கள். நிக்கல் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று யோசித்துச் செய்த பாத்திரம் அது. விலை கூடுதல்தான். ஆனால் தினமும் அடுப்பேறும் இரண்டு பாத்திரங்களை மட்டும் இப்படி வாங்குவது வீண் செலவு இல்லை.

பால்கனிக் கம்பி, ஜன்னல் கிராதி போடுபவர்கள் கேட்டால், கடலோரத்தில் 304உம் போதாது என்பேன். உப்புக் காற்றில் அதன் மேல் தேநீர் சிந்தியது போலக் கறை படரும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316தான் அங்கே தாக்குப்பிடிக்கும். சமையல் பாத்திரத்துக்கு 316 தேவையில்லை. கடைக்காரர் வற்புறுத்தினாலும் வேண்டாம்.

ஜெர்மன் சில்வரும் இருபது ரூபாயும்

சீர்த்தட்டு விஷயத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. இப்போது சென்னையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஜெர்மன் சில்வர்தான்: குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் சொம்பு, பூக்கூடை, வந்தவர்களுக்குக் கொடுக்கும் தட்டு. பெண்ணுக்கு ஆசை. என் தங்கைக்கோ, “அது வெள்ளியே இல்லையாமே” என்று மனக்குறை.

இருபது ரூபாய்க் காசை எடுத்துக் காட்டினேன். 2019இல் அறிவிக்கப்பட்ட, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட காசு. அதன் வெளி வளையம் 65 சதவீதம் செம்பு, 15 சதவீதம் துத்தநாகம், 20 சதவீதம் நிக்கல். உலோகத் தொழிலில் இதற்குப் பெயர் நிக்கல் வெள்ளி. ஜெர்மன் சில்வரும் இந்தக் குடும்பம்தான். ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. வெண்மை முழுக்க நிக்கல் கொடுப்பது. பல பொருள்களில் மேலே வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள், அது தேயும்வரை வெள்ளி போலவே இருக்கும். காசின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தில் நிக்கல் 5 சதவீதம்தான். அதே செம்பு, அதே துத்தநாகம். நிக்கல் குறைந்ததும் பித்தளை நிறம் வந்துவிட்டது. 5 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரே காசில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கத்தோடும் வெள்ளியோடும் ஒப்பிட வேண்டிய பொருளே இல்லை இது. அலங்காரத்துக்கு நன்றாக இருக்கும், கை தவறி விழுந்தால் மனம் பதறாது. அடகு வைக்கவோ, மறுவிற்பனைக்கோ வெள்ளியின் மதிப்பு வராது. இன்னொன்று: பாதிக்கும் மேல் செம்பு என்பதால், புளிப்பான எதையும் இதில் வைக்கக் கூடாது. பஞ்சாமிர்தம், தயிர், எலுமிச்சை சாதம் எதுவும் வேண்டாம். மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலைபாக்கு போதும். ஒரு சின்ன வெள்ளிச் சிமிழும், மற்றவை எல்லாம் எவர்சில்வர்த் தாம்பாளமுமாக வாங்கலாம் என்று நான் சொன்னேன். கல்யாணப் பெண் யோசித்து ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது.

அவளுக்கு நிக்கல் ஆகாது. கல்லூரி படிக்கும்போது கவரிங் கம்மல் போட்டால் இரண்டே நாளில் காது மடல் சிவந்து, நீர் கோத்துக்கொள்ளும். ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, எட்டணா அளவுக்கு வட்டமாகத் தடிப்பு. தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிப் பரிசோதித்து, நிக்கல் ஒவ்வாமை என்றார். எங்கள் பட்டறையில் பச்சை நிறக் கரைசல் தொட்டியில் கை வைத்து வேலை செய்தவர்களில் சிலருக்கும் விரலிடுக்கில் இதே அரிப்பு வந்தது. உலோகத்தால் வரும் தோல் ஒவ்வாமையில் முதலிடம் நிக்கலுக்குத்தான். தோலில் படும் நகைகளிலிருந்து எவ்வளவு நிக்கல் கசியலாம் என்று ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே சட்டம் போட்டு வரம்பு வைத்துவிட்டன. காது குத்திய புண் ஆறாத குழந்தைக்குக் கவரிங் கம்மல் போட்டுவிடும் தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை உடம்பு நிக்கலை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுக்க அந்த முடிவு மாறாது.

அப்படியானால் 304 பாத்திரம் அவளுக்கு ஆகுமா? தங்கை பயந்துபோய்க் கேட்டாள். கலவைக்குள் கட்டுண்டு இருக்கும் நிக்கல் வேறு, கம்மலின் மேல்பூச்சில் வியர்வை பட்டுக் கரையும் நிக்கல் வேறு. 304 தட்டில் சாப்பிடுவதாலோ, தம்ளரைப் பிடிப்பதாலோ பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. புளிப்பான குழம்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் சிறிதளவு நிக்கல் உணவில் இறங்கும். பாத்திரம் புதிதாக இருக்கும்போது அதிகம், புழங்கப் புழங்கக் குறையும். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் புளிக்குழம்பை மண்சட்டியிலும், ரசத்தைச் சுத்த வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பிலும் வைத்துக்கொள்ளலாம். கையில் பிடிக்கும் கரண்டி 430 என்றால் அதில் சேர்த்த நிக்கலே இல்லை. மருத்துவர் அவளிடம் சொன்னது இன்னொன்று: முந்திரி, கொக்கோ, பருப்பு வகைகளிலேயே இயற்கையாக நிக்கல் உண்டு. பாத்திரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆக, சீர்த்தட்டில் ஜெர்மன் சில்வர் போனது. மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் நாளில் கையும் கழுத்தும் அரித்துக்கொண்டு நிற்க அவளுக்கு விருப்பமில்லை.

விலையும் ரசீதும்

304க்கு ஏன் இவ்வளவு விலை என்றால், முக்கியக் காரணம் நிக்கல்தான். இந்தியா தன் தேவைக்கு வெளிநாட்டு நிக்கலையே நம்பியிருக்கிறது. உலகில் எடுக்கும் நிக்கலில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. உலக நிக்கலில் பெரும்பகுதியை எவர்சில்வரே விழுங்குகிறது. 2022 மார்ச் 8ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தையையே நிறுத்தி, அன்றைய வியாபாரத்தை ரத்து செய்தார்கள். அங்கே அப்படி ஆடும் விலைதான் சில வாரங்களில் நம் ஊர்க் கடையில் கிலோ விலையாக வந்து நிற்கிறது.

இவ்வளவு கொடுத்து வாங்குவது 304தானா என்று எப்படி உறுதி செய்வது? காந்தம் 430ஐ மட்டும் ஒதுக்கித் தரும். 200 வரிசையைப் பிரிக்க ஒரு சொட்டு ரசாயனமும் சின்ன மின்கலமும் கொண்ட சோதனை உண்டு. மாங்கனீசு அதிகம் என்றால் சொட்டு சிவக்கும். பழைய இரும்பு வாங்குபவர்கள் வைத்திருப்பார்கள். பெரிய தொகைக்கு வாங்கும்போது, “சொட்டு வைத்துக் காட்டுங்கள்” என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு மூன்றாவது கடையில் முதலாளியே வந்து ஒரு குடத்தின் அடியில் வைத்துக் காட்டினார். முதல் கடையில் அப்படிக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். அங்கே நாங்கள் வாங்கவில்லை.

பாத்திரத்தின் அடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற தரநிலை இருக்கிறது. அந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது. ரசீதில் வெறுமனே ‘எஸ்.எஸ். பாத்திரம், இத்தனை கிலோ’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ரகத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாயால் 304 என்று சொல்லத் தயங்காதவர்களில் பலர், பேனாவால் எழுதத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ரகத்தின் எண் பின்னாலும் உதவும். பழைய பட்டுப்புடவையைக் கொடுத்து எவர்சில்வர் அடுக்கு வாங்கிய காலம் நினைவிருக்கும். தெருவில் கூவிக்கொண்டு வரும் அம்மா, புடவையின் சரிகையை விரலால் நிமிண்டிப் பார்த்துத்தான் பாத்திரத்தின் அளவைச் சொல்வாள். சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அவள் கொடுக்கும் அடுக்கில் நிக்கல் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இன்று பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும்போதும் அதே கதைதான். 304க்கு, அதில் இருக்கும் நிக்கலுக்காகவே, கூடுதல் விலை உண்டு. ஆனால் எது 304 என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது, எல்லாம் ஒரே மூட்டையில் ஒரே விலைக்குப் போய்விடும்.

அதற்காகத்தான் பெயர் வெட்டும் இடத்தில் ஒரு வேலை செய்தேன். கடையின் வாசலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு பாத்திரமாக மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பேனா போன்ற அந்த இயந்திரத்தை ‘கிர்ர்’ என்று ஓடவிட்டுப் புள்ளி புள்ளியாக எழுதிக்கொண்டிருந்தார். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, கோடு போடாமலே எழுத்து வந்துவிடுகிறது. பெண் பெயர், மாப்பிள்ளை பெயரின் முதலெழுத்து, கல்யாணத் தேதி. அதன் கீழே 304 என்றும் வெட்டச் சொன்னேன். அவர் கையை நிறுத்திவிட்டு, “இது வீட்டு எண்ணா அம்மா?” என்று கேட்டார். இல்லை, பாத்திரத்தின் ரகம் என்றேன். தலையசைத்துவிட்டு வெட்டினார்.

குடம், சாம்பார்ப் பாத்திரம், மாவுத் தூக்கு, தயிர்க் கிண்ணங்கள் என்று பதினொரு உருப்படிகளில் எண் விழுந்தது. டப்பாக்களிலும் மூடிகளிலும் பெயர் மட்டும்.